குழாயை வாங்குமுன் துளையைப் பாருங்கள்

கேள்வி: நான் ஸ்காபரோவில் வசிக்கிறேன். 1976இல் ஒன்ராறியோவில் கட்டப்பட்ட சி அண்ட் சி 27 பாய்மரப் படகு ஒன்றைச் சென்ற ஆண்டு வாங்கினேன். மழை பெய்தால் வலப்பக்கப் படுக்கையில் தண்ணீர் சொட்டுகிறது. என் மகள் உறங்கும் இடம் அது. தளத்தின் ஓரக் கம்பிகளைத் தாங்கும் ஸ்டாஞ்சியன் தூண்களின் அடியிலிருந்து வருகிறது என்று நினைக்கிறேன். முன்னைய உரிமையாளர் எல்லாவற்றையும் சுற்றிச் சிலிக்கோன் பூசியிருக்கிறார். போன இலையுதிர் காலத்தில் நானும் உட்புறமாக நட்டுகளின் மேல் சிலிக்கோன் தடவினேன். சொட்டு நின்றது. ஆனால் இப்போது பனி உருகும்போது இரண்டடி தள்ளி வேறோர் இடத்தில் ஒழுகுகிறது. நண்பர் ஒருவர் ‘5200’ என்ற பசையைப் போடு என்கிறார், கடைக்காரர் வேறொன்றைக் காட்டுகிறார், இன்னொருவர் பியூட்டைல் நாடாவே போதும் என்கிறார். எந்த சீலன்டை (இடுக்கை அடைக்கும் பொருளை) வாங்குவது? மே முதல் வாரம் படகு தண்ணீரில் இறங்க வேண்டும், அண்ணா.

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

எந்த சீலன்ட் குழாய் என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குப் பதில் உண்டு, சொல்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் என் வயிற்றைக் கலக்கியது அந்தக் கேள்வி அல்ல. ‘சொட்டு நின்றது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான். உள்ளே வந்த தண்ணீர் வெளியேறுவதற்கு இருந்த ஒரே வாசலை நீங்கள் அடைத்துவிட்டீர்கள். மேலே தூணின் அடியில் அது இன்னும் நுழைகிறது. கீழே வழி இல்லாததால் பக்கவாட்டில் ஊர்ந்து, இரண்டடி தள்ளி இன்னொரு துளையைக் கண்டுபிடித்திருக்கிறது. அந்த இரண்டடியும் இப்போது நனைந்து கிடக்கிறது. ஆகவே எதையும் வாங்குமுன், இந்தச் சனிக்கிழமையே ஏணி வைத்து ஏறி, உட்புறம் நீங்கள் பூசிய சிலிக்கோனைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். ஒழுகட்டும். ஒழுகினால்தான் எங்கே என்று தெரியும்.

உங்கள் படகின் மேல்தளம் ஒற்றைப் பலகை அல்ல. மேலே ஒரு ஃபைபர் கிளாஸ் தோல், கீழே ஒரு தோல், நடுவில் பால்சா மரம். மரத்தின் நார் படுத்திருக்காமல் நிமிர்ந்து நிற்கும்படி குறுக்கே அறுத்து, சிறு கட்டைகளாகப் பதித்திருப்பார்கள். எடை குறைவு, விறைப்பு அதிகம். இந்த வித்தையில் ஒன்ராறியோ ஏரிக்கரைக்காரர்கள் கெட்டிக்காரர்கள். 1969இல் சி அண்ட் சி என்று ஒன்றுசேர்ந்தவர்கள், அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே ‘ரெட் ஜாக்கெட்’ என்ற 40 அடிப் பந்தயப் படகின் உடலையே பால்சாவை நடுவில் வைத்துக் கட்டினார்கள். 1968இல் அது ஃபுளோரிடாவுக்குப் போய், அமெரிக்கர்கள் தங்கள் வீட்டுச் சொத்தாக நினைத்திருந்த எஸ்.ஓ.ஆர்.சி. பந்தயத் தொடரை வென்று திரும்பியது. எனவே பால்சாவைத் திட்டாதீர்கள். உலர்ந்திருக்கும்வரை அது நம் இருவரையும்விட நீண்ட நாள் வாழும். அதற்குத் தண்ணீர் ஆகாது, அவ்வளவுதான். அந்தப் பால்சாவை ஊடுருவிப் போகும் ஒவ்வொரு போல்ட்டும் தண்ணீருக்கு ஒரு கதவு.

நம் ஏரியில் உப்பு இல்லையே என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். உலோகத்துக்கு அது உண்மை. மரத்துக்கு நேர்மாறு. மரத்தை உக்கவைக்கும் பூஞ்சைக்கு உப்புநீர் அவ்வளவாகப் பிடிக்காது, மழைநீர்தான் அதற்கு விருந்து. அதோடு நம் குளிர்காலம் வேறு இருக்கிறது. தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கும். மேல்தோலுக்கும் பால்சாவுக்கும் நடுவே புகுந்த ஈரம் ஜனவரியில் உறைந்து, ஒட்டியிருந்ததை மெல்ல நெம்பி விலக்கும். மார்ச்சில் உருகி, அந்தப் புதிய இடுக்கில் இன்னும் கொஞ்சம் முன்னேறும். அடுத்த ஜனவரியில் அங்கிருந்து தொடங்கும். பனி உருகும்போது உங்களுக்கு ஒழுகியது தற்செயல் அல்ல.

எங்கள் பக்கத்தில், யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில், மரக்கலம் கட்டிய காலத்தில் கலப்பற்று என்று ஒரு தொழில் இருந்தது. பலகைகளின் இடுக்கில் பஞ்சைத் திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி மேலே பூசுவார்கள். தண்ணீரில் இறங்கியதும் பலகை நீர் குடித்து ஊதி, இடுக்கைத் தானே நெருக்கிக்கொள்ளும். அந்தத் துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம்வரை பாய் விரித்துப் போய்ச் சேர்ந்தது. ஃபைபர் கிளாஸுக்கு அந்தத் தயவு கிடையாது. அது ஊதாது, நெருங்காது, தன் ஓட்டையைத் தானே மூடாது. அதனால் நாமும் பழைய கலப்பற்றுக்காரன் மாதிரி இடுக்கில் எதையாவது திணித்துவிட்டுப் போனால் போதும் என்று நினைக்கக் கூடாது. துளையையே வேறு மாதிரி கட்ட வேண்டும். நான் சொல்ல வந்ததில் முக்கால்வாசி இதுதான்.

முதலில் சேதம் எவ்வளவு என்று பாருங்கள். ஸ்குரூடிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் தூண்களைச் சுற்றித் தளத்தைத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடம் கணீரென்று பதில் சொல்லும். உக்கிய இடம் பழுத்த பூசணியைத் தட்டியது போலத் தொப்பென்று கேட்கும். எல்லையை மறைப்பு நாடாவால் குறியுங்கள். தூணைச் சுற்றி ஒரு கையகலம் என்றால் நான் கீழே சொல்வது போதும். ஒரு மீட்டர் நீளத்துக்குத் தொப்பென்று கேட்டால், மேல்தோலை வெட்டி எடுத்துப் பால்சாவையே மாற்ற வேண்டியிருக்கும். அது சீலன்ட் கதை அல்ல, தனிக் கடிதம் எழுதுங்கள்.

தூணைக் கழற்ற இரண்டு பேர் வேண்டும், ஒருவர் மேலே, ஒருவர் கீழே. நட்டு கழன்ற பிறகும் அடித்தட்டு வராமல் ஒட்டிக்கொண்டிருந்தால் நெம்புகோலை எடுக்காதீர்கள். தளத்தின் பளபளப்புப் பூச்சு சில்லுச் சில்லாகப் பெயரும். வெப்பக் காற்றுத் துப்பாக்கியால் அடித்தட்டை இளஞ்சூடாக்கி, மெல்லிய கிட்டார்க் கம்பியை அடியில் விட்டு மரம் அறுப்பதுபோல இழுங்கள். பொறுமை வேண்டும். தொழிலின் தொடக்கத்தில் எனக்கு அது இல்லை. கயிறு கட்டும் கிளீட் ஒன்றை நானே 5200 போட்டுப் பதித்திருந்தேன். நான்கு ஆண்டுகள் கழித்து அதை நானே கழற்ற வேண்டி வந்தது. கிளீட்டோடு உள்ளங்கையளவு மேல்தோலும் சேர்ந்து வந்தது. போல்ட்டை மாற்ற வந்தவன் மூன்று நாள் ஃபைபர் கிளாஸ் வேலை செய்துவிட்டுப் போனேன், கூலி இல்லாமல்.

தூண் வந்ததும், வளைத்த கம்பி ஒன்றைத் துளைக்குள் விட்டுப் பக்கவாட்டில் துழாவுங்கள். வெளிறிய, உலர்ந்த மரத்தூள் வந்தால் கும்பிடுங்கள். கறுப்பான ஈரக்கூழ் வந்தால் அதை முழுதாகத் தோண்டி எடுக்க வேண்டும். சிறிய ஆலன் சாவியின் குட்டைக் கையை இன்னும் கொஞ்சம் வெட்டிவிட்டு, நீண்ட கையைத் துரப்பணத்தில் பொருத்திச் சுழற்றினால், இரண்டு தோல்களையும் கெடுக்காமல் நடுமரத்தை மட்டும் துளையைச் சுற்றி ஓரிரு சென்டிமீட்டருக்குக் குடைந்தெடுக்கலாம். அதன் பிறகு உலர்த்துவது. ஏப்ரலில் இங்கே அதுதான் சிரமம். படகின் மேல் கூடாரம் போட்டு, உள்ளே மின்விசிறியும் சிறு சூடேற்றியும் வைத்து ஒரு வாரமாவது விடுங்கள். சூடேற்றியை எரிய விட்டுவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். ஈரப் பால்சாவின் மேல் எபாக்சி என்ற இறுகும் பிசினை ஊற்றுவது ஈர வேட்டியை மடித்துப் பெட்டிக்குள் பூட்டுவது போலத்தான்.

உலர்ந்துவிட்டதா? கீழ்ப்புறத் துளையை நல்ல ஒட்டுநாடாவால் அடையுங்கள். முதலில் தூள் எதுவும் கலக்காத தண்ணீர்ப்பதமான எபாக்சியை ஊசிக்குழலால் உள்ளே விட்டுச் சில நிமிடம் காத்திருங்கள். பால்சாவின் நார் அதை உறிஞ்சும். மீதியை அதே ஊசியால் உறிஞ்சி எடுத்துவிட்டு, சிலிக்கா தூள் கலந்து வெண்ணெய்ப் பதத்துக்குக் கொண்டுவந்த எபாக்சியால் நிரப்புங்கள். ஒரேயடியாகப் பெரிய குழியை நிரப்பினால் அது தன் சூட்டிலேயே கொதித்துப் புகையும், இரண்டு தடவையாகச் செய்யுங்கள். வெஸ்ட் சிஸ்டம் எபாக்சி வாங்குகிறீர்கள் என்றால் 205 என்ற வேகமான கடினமாக்கியை எடுங்கள். அது 4 பாகை செல்சியஸ்வரை வேலை செய்யும். 206 ஆகாது, அதற்கு 16 பாகையாவது வேண்டும், ஏப்ரல் இரவு உங்களுக்கு அதைத் தராது. இறுகிய எபாக்சியின் மேல் மெழுகு போல ஒரு வழுக்கல் படியும். அதை வெறும் தண்ணீராலும் சுரண்டும் பஞ்சாலும் கழுவிய பிறகே உப்புத்தாள் போடுங்கள்.

மறுநாள் அந்த எபாக்சித் தூணின் நடுவில் போல்ட்டுக்குத் துளை போடுங்கள். இனி போல்ட் போகும் வழியெங்கும் எபாக்சி, பால்சாவை அது தொடுவதே இல்லை. சீலன்ட் என்றாவது தோற்றாலும் (தோற்கும், எதுவும் சாகாவரம் பெற்று வரவில்லை) தண்ணீர் நேராகப் படுக்கையில் சொட்டும், மரத்துக்குள் போகாது. சொட்டுவது தொல்லைதான். ஆனால் கண்ணுக்குத் தெரிகிற தொல்லை.

இன்னும் ஒரு சின்ன வேலை இருக்கிறது. பத்தில் எட்டுப் பேர் இதைச் செய்வதில்லை, ஒழுக்குக்கு முக்கியக் காரணமே இதுதான் என்று நான் நினைக்கிறேன். குடைவுத் துரப்பணத்தால் துளையின் வாயை மேலே மட்டும் ஒரு சின்னக் கிண்ணம் போலச் சரித்துவிடுங்கள். வாய் அகலம் போல்ட்டின் தடிப்பைப் போல இரண்டு மடங்கு இருந்தால் போதும். ஏன் தெரியுமா? தட்டையான அடித்தட்டைத் தட்டையான தளத்தில் வைத்து முறுக்கினால் நடுவில் உள்ள சீலன்ட் முழுவதும் பிதுங்கி வெளியே வந்துவிடும். மிஞ்சுவது தாள் கனத்துக்கு ஒரு படலம். தூண் கொஞ்சம் அசைந்தாலும் அந்தப் படலம் கிழியும். கிண்ணத்தில் தங்கிய சீலன்ட்டோ போல்ட்டின் கழுத்தைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் போல இருந்துகொள்ளும். முறுக்க முறுக்க அது கழுத்தைத்தான் இறுக்கும்.

இப்போது கடைக்குப் போகலாம்.

உங்கள் வேலைக்கு என் தெரிவு பியூட்டைல் நாடா. சாம்பல் நிறத்தில், மெழுகுத்தாளில் சுருட்டி வரும். இது இறுகுவதே இல்லை, என்றும் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும். அதுதான் அதன் பலம். தூண் அசைந்தால் கூடவே அசையும், கிழியாது. குளிரில் வேலை செய்ய முடியும், சட்டைப் பைக்குள் அரை மணி நேரம் வைத்துச் சூடாக்கிக்கொண்டால் போதும். அவசரம் இல்லை, கையெல்லாம் அப்பாது. பத்து ஆண்டு கழித்துக் கழற்ற வேண்டுமென்றாலும் ஒரு கத்தியோடு முடியும். தூண்கள், கிளீட்டுகள், பாய்க்கயிறு ஓடும் தண்டவாளங்கள் எல்லாவற்றுக்கும் இது சரி. ஆனால் எரிபொருள் நிரப்பும் மூடியைச் சுற்றி வைக்காதீர்கள், பெற்றோலும் டீசலும் அதைக் கரைத்துவிடும். நீர்மட்டத்துக்குக் கீழேயும் வேண்டாம். கூரை வேலைக்கு விற்கும் மலிவான நாடாவும் பியூட்டைல் என்றுதான் பெயர் சொல்லிக்கொள்ளும். அதில் பல கோடையில் உருகி ஒழுகித் தளத்தில் கோடு போடும். படகுக்கென்று விற்பதையே வாங்குங்கள்.

உங்கள் நண்பர் சொன்ன 5200, பாலியூரித்தேன் வகை. அதைக் கெட்ட பொருள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது முதலில் பசை, பிறகுதான் சீலன்ட். இனி ஒருபோதும் கழற்றவே மாட்டோம் என்று சத்தியம் செய்யக்கூடிய இடத்துக்கு மட்டும் அது. தூண் அப்படிப்பட்டதா? அடுத்த கோடையில் யாராவது படகை மேடையோடு மோதுவார்கள், தூண் வளையும், கழற்றித்தான் ஆக வேண்டும். பாலியூரித்தேன்தான் வேண்டுமென்றால் 4200 அல்லது சிகாஃப்ளெக்ஸ் 291 போன்றவை கொஞ்சம் இரக்கமுள்ளவை. நீர்மட்டத்துக்குக் கீழே உடலை ஊடுருவும் குழாய்ப் பொருத்துகளுக்கு நான் அவற்றைத்தான் பயன்படுத்துகிறேன். ஒரு எச்சரிக்கை: பாலியூரித்தேன் போடுமுன் ஸ்பிரிட்டால் துடைக்காதீர்கள். ஆல்கஹால் பட்டால் அது இறுகாமல் பிசின் போலவே நின்றுவிடும். அசிற்றோன் பயன்படுத்துங்கள், அதுவும் முழுதாக ஆவியாகும்வரை காத்திருங்கள்.

பாலிசல்ஃபைடு எனக்குப் பிடித்த பழங்காலத்து ஆள். 1920களில் அமெரிக்காவில் ஜோசப் பேட்ரிக் என்ற வேதியியலாளர் வாகனங்களுக்கான உறைதடுப்புத் திரவம் மலிவாகச் செய்யப் போய், கலத்தின் அடியில் நாற்றமடிக்கும் ஒரு ரப்பர்க் கூழ் படிந்ததைக் கண்டார். எதைப் போட்டும் கரையவில்லை. கரையாத பொருளுக்கு ஒரு வேலை இருக்கும் என்று யோசித்தவர் அதற்குத் தயோகால் என்று பெயர் வைத்தார், கிரேக்கத்தில் கந்தகமும் பசையும் சேர்ந்த சொல். எரிபொருளுக்கு அசையாது என்பதால் பின்னாளில் விமானங்களின் எரிபொருள் தொட்டிகளை அடைத்ததும் இந்த வகைதான். தேக்கு மரத்தோடு நல்ல உறவு, எரிபொருள் மூடிக்கும் ஏற்றது. மெல்லத்தான் இறுகும், குளிரில் இன்னும் மெல்ல. ஆனால் பிளாஸ்டிக் சன்னல், பிளாஸ்டிக் காற்றுவழி ஆகியவற்றின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அக்ரிலிக், பாலிகார்பனேட், ஏ.பி.எஸ். எல்லாவற்றையும் அது தின்று வெடிக்கவைக்கும்.

இப்போது கலப்பின வகைகளும் வந்திருக்கின்றன, 4000யூவி போன்றவை. வெயிலில் மஞ்சளிக்காது, ஒட்டும் வலிமையும் அளவோடு இருக்கும். வெள்ளைத் தளத்தில் சாம்பல் நிற பியூட்டைல் விளிம்பு கண்ணை உறுத்துகிறது என்றால் இதை எடுங்கள், நான் கோபிக்க மாட்டேன்.

சிலிக்கோன்? சன்னல் அக்ரிலிக்கை ஒட்டுவதற்கென்றே செய்த கட்டட வகைச் சிலிக்கோன் ஒன்றிரண்டு உண்டு, அதற்கு மட்டும் சரி. தளத்தில் அதற்கு வேலை இல்லை. அது தோற்பதுகூடப் பெரிதல்ல. தோற்ற பிறகும் இடத்தைவிட்டுப் போகாது என்பதுதான் கொடுமை. கண்ணுக்குத் தெரியாத ஒரு வழுக்கல் தங்கிவிடும், அதன் மேல் வேறெந்த சீலன்டும் ஒட்டாது, சாயமும் பிடிக்காது. முன்னையவர் உங்களுக்கு விட்டுப்போன சொத்து அது. கரைப்பானை ஊற்றித் துடைத்தால் வழுக்கல் பரவத்தான் செய்யும். முதலில் பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டுங்கள், பிறகு உரசும் பஞ்சால் தேயுங்கள், அசிற்றோன் கடைசியில்தான். துடைக்கும் துணியை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள். முடிந்ததா என்று தெரிய அந்த இடத்தில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். தாமரை இலையில்போல முத்து முத்தாக நின்றால் சிலிக்கோன் இன்னும் இருக்கிறது. படலமாகப் பரவினால் போயிற்று.

பதிக்கும்போது: நாடாவில் ஒரு துண்டைக் கிள்ளிப் புட்டுமாவு உருட்டுவது போல உருட்டி, போல்ட்டின் தலைக்குக் கீழே கழுத்தில் கூம்பாகச் சுற்றுங்கள். அடித்தட்டின் அடிப்பக்கம் முழுவதும் நாடாவை ஒட்டி, போல்ட் துளைகளைச் சுற்றி இன்னொரு வளையம் கூடுதலாக வையுங்கள். அது தளத்தின் கிண்ணத்துக்குள் போய் உட்காரும். பிறகு போல்ட்டை இறக்குங்கள். இனிச் சொல்வதை மேலே நிற்பவர் காதில் விழும்படி இரண்டு முறை படியுங்கள்: போல்ட் சுழலக் கூடாது, நட்டு மட்டும்தான் சுழல வேண்டும். மேலே இருப்பவர் போல்ட் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ள, கீழே இருப்பவர் முறுக்க வேண்டும். போல்ட் சுழன்றால் கழுத்தைச் சுற்றி ஒட்டிய வளையம் முறிந்துவிடும், அத்தனை பாடும் வீண்.

முறுக்குவதும் ஒரே மூச்சில் அல்ல. பியூட்டைல் குளிரில் மெல்லத்தான் பிதுங்கும். கொஞ்சம் முறுக்கி விடுங்கள், மறுநாள் அரைச் சுற்று, அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம். பிதுங்கிய ஓரத்தைப் பிளாஸ்டிக் தகட்டால் வெட்டிச் சுருட்டி எடுத்தால் மீதி அடுத்த தூணுக்கு ஆகும். குழாய் சீலன்டில் இந்தச் சலுகை கிடையாது. அதை முதலில் பாதி முறுக்கி, இறுகிய பிறகு மீதியை முறுக்கச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்காது. இறுகிய பிறகு போல்ட் ஒரு நூல் அசைந்தாலும் ஒட்டு விட்டுவிடும். கிண்ணம் செதுக்கியிருந்தால் ஒரே தடவையில் அளவோடு முறுக்கிவிட்டு விடலாம். எவர்சில்வர் நட்டை எவர்சில்வர் போல்ட்டில் மின்கருவியால் வேகமாக ஏற்றாதீர்கள், மரை சூடேறிச் சிக்கி ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். ஒரு சொட்டு லனோலின் (ஆட்டுரோமக் கொழுப்பு) தடவிக் கையால் முறுக்குங்கள்.

கீழ்ப்புறத்தில் சீலன்ட் எதுவும் வேண்டாம். தெரிந்தேதான் இரண்டாம் முறை சொல்கிறேன்.

ஆனால் கீழ்ப்புறத்தில் ஒரு தாங்குதகடு வேண்டும். பழைய படகுகள் பலவற்றில் சின்ன வாஷர் மட்டும் இருக்கும். கணக்குப் பாருங்கள். தூணின் உயரம் 60 சென்டிமீட்டர், அடித்தட்டில் போல்ட்டுகளுக்கு நடுவே 7 சென்டிமீட்டர். யாராவது தடுமாறி மேல் நுனியில் 50 கிலோ பாரம் கொடுத்தால், அடியில் உள்புறப் போல்ட்டுகளை மேலே பிடுங்கும் விசை 400 கிலோவுக்கு மேல். அந்த இழுப்பில் தளம் வளையும், வளைந்தால் எந்த சீலன்டும் வாயைத் திறக்கும். 6 மில்லிமீட்டர் தடிப்பில் ஜி-10 என்ற எபாக்சிக் கண்ணாடித் தகட்டை அடித்தட்டைவிட அகலமாக வெட்டி, ஓரங்களை உருட்டி வையுங்கள். ஒட்டுப்பலகை வேண்டாம், அது நனைந்தால் இன்னொரு தலைவலி. தூணைப் பிடித்துக்கொண்டு படகில் ஏற வேண்டாம் என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லுங்கள். நாங்கள் எல்லாருமே அப்படித்தான் ஏறுகிறோம் என்பது வேறு விஷயம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். பாய்மரத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் வடங்கள் கட்டப்பட்டிருக்கும் செயின்பிளேட்டுகள் தளத்தைத் துளைத்துக் கீழே போகின்றன. படுக்கைப் பக்கம் ஒழுகினால் தூணைப் போலவே அவற்றையும் சந்தேகிக்க வேண்டும். எவர்சில்வர் என்று பெயர் இருப்பதால் துருவே பிடிக்காது என்று நாம் நம்பிவிடுகிறோம். அந்த உலோகத்தைக் காப்பது அதன் மேல் படியும் மெல்லிய குரோமியம் ஆக்சைடுப் படலம், அது நிலைக்கக் காற்று வேண்டும். தளத்துக்குள் ஈரத்தில் மூச்சுமுட்டிக் கிடக்கும் அந்த இரண்டு சென்டிமீட்டரில் காற்று இல்லை. அங்கேதான் ஊசிக்குழி போல அரிக்கும், மேலேயும் கீழேயும் பளபளவென்று இருக்கும்போதே. படகு என்றாவது கடலில் ஓடியிருந்தால் இன்னும் கவனம் தேவை. மேலே உள்ள மூடித்தகட்டை மட்டும் இப்போது தூக்கிப் பாருங்கள். பழுப்புக் கறை கசிந்திருந்தால், பாய்மரம் இறங்கியிருக்கும் இந்த நேரத்திலேயே செயின்பிளேட்டை உருவிப் பரிசோதியுங்கள். பாய்மரத்தை ஏற்றிய பிறகு அது முடியாது. திரும்பப் பதிக்கவும் பியூட்டைல்தான், ஏனென்றால் பாய் விரித்தால் அந்த இடம் எப்போதும் கொஞ்சம் அசையும்.

ஓரமெங்கும் ஓடும் துளையிட்ட அலுமினிய விளிம்புச் சட்டத்தைத் தயவுசெய்து தொடாதீர்கள். அதைக் கழற்றினால் இந்தக் கோடை முழுவதும் படகு கரையில் அதைத் தாங்கும் தொட்டிலிலேயே இருக்கும்.

மே முதல் வாரத்துக்குள் முடியுமா? வலப்பக்கத் தூண்களை மட்டும் எடுத்தால் முடியும். முதல் வார இறுதியில் கழற்றிக் குடைவது, அடுத்த வாரம் கூடாரத்துக்குள் உலர்த்துவது, இரண்டாம் வார இறுதியில் எபாக்சி, மூன்றாவதில் பதிப்பது. உலரவில்லை என்றால் எபாக்சியை ஊற்றிச் சமாளிக்காதீர்கள். துளையை அப்படியே வைத்து, தாங்குதகட்டோடு தூணைப் பியூட்டைலில் உட்கார வைத்துப் படகை இறக்குங்கள். ஒக்ரோபரில் படகு மேலே வந்ததும் கத்தியோடு கழற்றி, குளிர்காலம் முழுவதும் துளையைத் திறந்து காற்றுப் படவிட்டு, அடுத்த வசந்தத்தில் எபாக்சி வேலையைச் செய்யுங்கள். 5200 போட்டிருந்தால் இந்த வழி உங்களுக்குத் திறந்திருக்காது.

இறக்குமுன் ஒரு சோதனை. மகளைக் கையில் டார்ச் விளக்கோடு அவள் படுக்கையில் உட்கார வையுங்கள். நீங்கள் மேலே குழாய்த் தண்ணீரை, பீய்ச்சாமல், மழைபோல விடுங்கள். தாழ்வான இடத்திலிருந்து தொடங்கி மேடான இடத்துக்கு ஒவ்வொரு தூணாக நகருங்கள், தூணுக்குப் பத்து நிமிடம். மேலிருந்து தொடங்கினால் எல்லாம் ஒருசேர நனைந்து எது குற்றவாளி என்று தெரியாமல் போகும். அவள் ‘அப்பா, வருகிறது’ என்று கத்தினால் தண்ணீரை நிறுத்தி, அந்தத் தூணைச் சோக்கட்டியால் குறியுங்கள். நட்டை இன்னும் அரைச் சுற்று முறுக்கி மறுநாள் மறுபடி பாருங்கள். அப்போதும் வந்தால் கழற்றித் திரும்பப் பதியுங்கள், அரை மணி நேர வேலைதான். முதல் தடவை பதிப்பவருக்கு மூன்று தூணில் ஒன்று அப்படித்தான் வரும்.